ஆறு பதினேழு

வட்ட ரயில் இன்செயினில் வந்து நிற்பது ஆறு பதினேழு.
லைங்தாயா பஸ் கிளம்புவது ஆறு பதினைந்து.
இடையில் இருக்கும் இரண்டு நிமிஷத்தில்தான்
மூன்று வருஷம் குடியிருந்தேன்.

அட்டையில் நான் மா ஸாண்டா. வீட்டில் சௌந்தரம்.
தையல் ஆலை வாயிற்காரனுக்கு இருநூற்று எட்டு.
ஏழு அடித்தால் கதவு விழும்.
மாதத்தில் மூன்று முறை பிந்தினால்
வருகைப்படி இல்லை.
அந்தப் படி போனால்
அரிசியில் ஒரு படி போகும்.

ரயில் பெட்டியில் இன்னும் ஜப்பான் எழுத்து.
அந்த ஊரில் இது நொடி தவறாமல் ஓடியதாம்.
இங்கே வந்து
எங்களைப் போல மூச்சு வாங்கப் பழகிக்கொண்டது.
கெமெண்டைனில் ஏறுவேன்.
சந்தைக்குப் போகும் காலிக் கூடைகளுக்கு நடுவே
ஒற்றைக் காலில் நிற்பேன்.
இன்செயினில் இறங்கியதும் ஓட்டம்:
மேம்பாலத்தில் ஏற முப்பத்தாறு படி,
இறங்க முப்பத்தைந்து.
ஒன்றை யார் எடுத்துப் போனார்களோ.
கீழே வந்தால்
பஸ்ஸின் பின்விளக்கு மட்டும் எங்களுக்கு.
அடுத்தது ஆறு ஐம்பதுக்கு.

நாற்பத்தொரு நாள் நோட்டில் குறித்தேன்.
பஸ் கிடைத்தது ஆறு நாள்.
ஆறு நாளும் பிழை பஸ்ஸுடையது, அதுதான் பிந்தியிருந்தது.

மா கின் ஸோ பர்மிய மொழியில் அழகாக எழுதினாள்.
அறுபத்து மூன்று கையெழுத்து, நான்கு கைநாட்டு.
பஸ் ஆபீசில் சொன்னார்கள்:
ரயில் அரசாங்கம், நாங்கள் கம்பெனி.
ஸ்டேஷனில் சொன்னார்கள்:
பஸ்ஸைக் கேட்டுத் தண்டவாளம் வளையாது.
இரண்டு ஆபீசுக்கும் தேநீர் கொண்டுபோகிறவன்
ஒரே பையன்.
அவனையே தலைவனாகப் போட்டிருக்கலாம்.

கடைசியில் டிரைவர் கோ ஸெயாவிடமே கேட்டோம்.
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவன் சொன்னது:
"நிற்க எனக்கென்ன கஷ்டம்?
ரயில் வந்ததா இல்லையா, அதுதான் தெரியவில்லை.
தேநீர்க் கடைத் தகரம் மறைக்கிறது.
வராத ரயிலுக்கு நின்றால்
என் கூலியில் பிடிப்பார்கள்."

தகரத்துக்கு மேலே
மேம்பாலத்தின் உச்சி தெரிகிறது.

எங்களில் வேகமாக ஓடுகிறவள் அமலோற்பவம்.
மறுநாள் உச்சியில் நின்று
சோற்று டப்பாவின் மூடியைக் கழற்றி
வெயிலில் திருப்பினாள்.
கீழே என்ஜின் உறுமிக்கொண்டே நின்றது.
பதினெட்டுப் பேர் ஏறினோம்.

உள்ளே இருந்தவர்கள் திட்டினார்கள்.
அவர்களுக்கும் எங்கோ ஒரு கதவு விழும்.
ஒரு கிழவர் கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
பதில் சொல்லவில்லை, என்ன சொல்ல?
மழை மாதத்தில் வெயில் இல்லை.
மூடியைக் கைப்பிடிக் கம்பியில் தட்டினோம்.
பனி மாதத்தில் இருட்டு. அப்போதும் தட்டினோம்.
மூன்று தட்டு என்றால் நில்.
ஒரு தட்டு என்றால்
இன்று ரயிலில் நாங்கள் நாலு பேர்தான், போனால் போ.
ஒரு தட்டுக்கும் நின்றான், பாவம்.
இரண்டு முறை அபராதம் கட்டினான்.
அதில் பாதியை நாங்கள் சேர்த்துக் கொடுத்தோம்,
வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டான்.

நேற்று ஸ்டேஷன் தூணில் புதிய காகிதம்.
லைங்தாயா பஸ்: ஆறு இருபத்திரண்டு.
எங்கள் மனுவாலா, வேறு யார் கணக்காலா,
யாரும் சொல்லவில்லை.
தேநீர்ப் பையன் மட்டும்
தான்தான் செய்தது போலச் சிரித்தான்.

இன்று அந்த நேரத்தை நம்பி
நிதானமாக நடக்கலாம் என்று புறப்பட்டேன்.
ரயில் வந்து சேர்ந்தது ஆறு முப்பத்தொன்று.

ஓடினோம்.
முப்பத்தாறு படி.
அமலோற்பவத்துக்கு இன்று காய்ச்சல், வரவில்லை.
என் மூடியை நானே கழற்றி
மூன்றல்ல, முப்பது தட்டுத் தட்டினேன்.
கீழே அவன்
ஸ்டீரிங்கில் கன்னம் வைத்து
தகரக் கூரைப் பக்கம் காதைக் கொடுத்தபடி இருந்தான்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பார்க்கிறேன்,
மூடி நெளிந்துபோயிருக்கிறது. டப்பாவில் பொருந்தவில்லை.
குழம்பு பாதி பையில்.